எந்த மருந்தும் கேட்காத மடி

கறவைக்காரருக்கு இந்த உலகத்தில் மரியாதை இருந்தது ஒரே ஒரு பொருளின் மேல்தான். அது அவருடைய வலது உள்ளங்கை. மற்றதெல்லாம் குப்பை. பால் நிலையத்தில் வைத்திருக்கும் மெஷின் குப்பை. அதைப் பார்த்து எண் வாசிக்கிறவன் அதைவிடக் குப்பை. மாட்டாஸ்பத்திரி குப்பை. பக்கத்து வீட்டுக்காரனையும் அவன் வளர்க்கும் ஏழு மாட்டையும் ஒன்றாகக் கூட்டி அள்ளிவிடலாம். பெற்ற மகனை இந்தக் குவியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று மட்டும் அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

நாற்பது வருஷம் ஊரார் வீட்டு மாடுகளைக் கறந்த கை அது. மாட்டின் பக்கத்தில் குந்தினால் அவர் முதலில் பாத்திரத்தை வைக்கமாட்டார். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சு உள்ளங்கையில்தான். கட்டைவிரலால் அதை ஒரு தடவை தேய்ப்பார். வழுவழுவென்று ஓடினால் மாடு சுகம். மணல் மாதிரி ஏதாவது நெருடினால், கண்ணுக்குத் தெரியாத திப்பி விரலில் பட்டால், இன்னும் மூன்று நாளில் மடி வீங்கும். சொன்னால் தப்பாது. "லேப்பு லேப்புங்கறானுங்களே, இதான்யா லேப்பு" என்று கையை விரித்துக் காட்டுவார். பிறகு அந்தக் கையைத் தோளில் கிடக்கும் துண்டில் துடைப்பார். அதே துண்டால் அடுத்த மாட்டின் மடியையும் துடைத்துவிட்டு அதன்கீழ் போய் உட்காருவார். அவ்வளவு சுத்தக்காரர்.

ஊரில் ஆளாளுக்குக் கறவை மெஷின் வாங்கியதும் அவரைக் கூப்பிடுவது நின்றது. அவர் வீட்டு மாடுகளோடு இருந்துகொண்டார். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. சிமெண்டுத் தரை, நடுவில் சாணித் தண்ணீர் போக ஒரு வாய்க்கால். உதைக்கிற சண்டி, கொம்பில்லாத மொட்டை, ஒரு பக்கம் வளைந்த கோணக்கொம்பு என்று மூன்று வயதான கறவைகள். நான்காவது, கடைசித் தூணில் கட்டிய கிடேரி. தலைச்சன் ஈன்று நாற்பது நாள் ஆகியிருந்தது.

அந்தக் கிடேரி மருமகளுடையது. அது பிறந்த அன்றைக்கே தாய் செத்துவிட்டது. "இது நிக்காது, விட்டுடு" என்று சொன்னவர் கறவைக்காரர்தான். மருமகள் கேட்கவில்லை. புட்டியில் பால் கொடுத்து, குளிருக்குச் சாக்கு போர்த்தி, நிற்க வைத்துவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷத்தில் அவள் சொன்னது நடந்த ஒரே இடம் அதுதான். மாமனார் வாக்கு பொய்த்த ஒரே இடமும் அதுதான். அதனாலேயே அவருக்கு அந்த மாட்டைக் கண்டால் கொஞ்சம் ஆகாது.

மடிநோய் முதலில் சண்டிக்கு வந்தது. பின்பக்கத்து வலது மடி கல்லாக இறுகி, தொட்டால் சுட்டது. பால் வரவில்லை, மஞ்சள் தண்ணீரும் திரிதிரியாய்க் கட்டியும் வந்தது. மகன் வண்டியை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினான். அந்தக் கடையில் முன்பக்கம் மனிதருக்கு, பின்பக்கம் மாட்டுக்கு. இரண்டுக்கும் வைத்தியர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரே.

"போன தடவ குடுத்தது கேக்கலண்ணே. இதவிட சூடா ஒண்ணு குடுங்க."

"எவ்வளவு சூடா?"

"போட்டதும் வீக்கம் ஓடணும்."

"அப்ப இது. இதுக்கு மேல சூடு கிடையாது" என்று கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைப்பார். அடுத்த மாதம் அதற்கு மேலும் ஒரு சூடு அவரிடம் இருக்கும்.

ஐந்து நாள் ஊசி என்று பெட்டியில் எழுதியிருந்தது. ஊசி போடுகிற நாளும், அதற்கப்புறம் சில நாளும், பாலைக் கீழே ஊற்றவேண்டும் என்றும் எழுதியிருந்தது. பெட்டியில் எழுதியிருப்பதையெல்லாம் படிக்கிறவன் மாடு வளர்க்கமுடியுமா? இரண்டாம் நாள் சாயங்காலம் கறவைக்காரர் காம்பைப் பீச்சி, தேய்த்துப் பார்த்து, "வழுவழுங்குது, போதும்" என்பார். ஊசி நிற்கும். பால் கேனில் ஏறும். மிச்ச மருந்து கொட்டகை உத்தரத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். அடுத்த மாட்டுக்கு ஆகும் அல்லவா? ஆயிற்று. சண்டியின் மிச்சம் மொட்டைக்குப் போனது. மொட்டையின் மிச்சம் கோணக்கொம்புக்கு. பிறகு மறுபடியும் சண்டிக்கு. ஒரு வருஷமாய் இந்த மூன்று மாடும் மருந்தை மாற்றி மாற்றிக் குடித்தன, நோயையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டன. அப்பனும் மகனும் தங்களைப்போல் சிக்கனக்காரர் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றும் ஒரே வாரத்தில் படுத்தபோது மருமகள் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சின்ன வயசு. ரப்பர் பூட்ஸ், கையில் உறை. கறவைக்காரர் அந்தக் கையுறையைப் பார்த்த பார்வையில் ஆஸ்பத்திரிக் கட்டடமே இடிந்திருக்க வேண்டும்.

"கறக்கிறது யாருங்க?"

"ஏன், பாத்தா தெரியலையா? நான்தான்."

"கொஞ்சம் கறந்து காட்டுங்கய்யா."

அவர் சண்டியின்கீழ் குந்தினார். உள்ளங்கையில் பீச்சினார்.

"ஐயா, ஐயா! கையில பீச்சாதீங்க."

"பின்ன உங்க பையில பீச்சட்டுமா?"

மகன் சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கறுப்புக் கிண்ணத்தை எடுத்தார்.

"இதுல பீச்சுங்க. கறுப்புல வெள்ளத் திப்பி நல்லாத் தெரியும். கையில பீச்சினா இந்த மாட்டுல இருக்கற கிருமி உங்க கைக்கு ஏறுது. கையிலேருந்து அடுத்த மாட்டுக்குப் போகுது."

"நாப்பது வருஷமா கையிலதான் பீச்சறேன். அப்பல்லாம் எங்க போயிருந்துச்சு உங்க கிருமி? நீங்க படிச்சு முடிச்சு வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்துச்சா?"

"அப்பவும்தான் போச்சு. அப்ப ஊசி போட்டா செத்துது. இப்ப சாக மாட்டேங்குது, அவ்வளவுதான்."

பதில் இல்லாதபோது கறவைக்காரர் காறித் துப்புவார். துப்பினார்.

டாக்டரம்மா நான்கு மாட்டிலிருந்தும் தனித்தனிப் புட்டியில் பால் பிடித்துக்கொண்டார். போகும்போது கறவைக்காரர் கையைப் பார்த்து, "விரலிடுக்குல வெடிச்சுப் புண்ணா இருக்கே. ஆஸ்பத்திரில காட்டுங்க" என்றார்.

"மாட்டு டாக்டரு மாட்டப் பாத்தா போதும்" என்றார் கறவைக்காரர்.

நான்கு நாள் கழித்து டாக்டரம்மா ஒரு தாளோடு வந்தார். மருமகள் அதை வாங்கி, ஒவ்வொரு வரியாய் விரல் வைத்துப் பார்த்தாள்.

"என்ன மேடம், கிட்டத்தட்ட எல்லா வரியிலயும் ஒரே எழுத்தா இருக்கு?"

"அதான் விஷயம். பன்னெண்டு மருந்து வெச்சுப் பாத்தோம். பத்துக்கு அந்தக் கிருமி அசையவே இல்ல. ஒண்ணுக்குக் கொஞ்சம் மயங்குது, சாகல. கடைசி ஒண்ணு கேக்கும். ஆனா அது மாட்டுக்குப் போடறதில்ல. மனுஷங்க உயிருக்கு இழுத்துக்கிட்டு இருக்கறப்ப போடறது."

"அது நம்ம கடையில கிடைக்குமா?" என்று மகன் கேட்டான்.

டாக்டரம்மா அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தப் பார்வையில் அவன் எந்தக் குவியலில் சேரவேண்டியவன் என்பது கறவைக்காரருக்கே தீர்மானமாகிவிட்டது.

"ரெண்டு நாள் ஊசி போட்டு நிறுத்தினீங்க இல்ல? நோஞ்சான் கிருமி எல்லாம் செத்துது. தாக்குப்பிடிச்சது மட்டும் மிஞ்சுச்சு. அது குட்டி போட்டுது. அடுத்த மருந்து, மறுபடி ரெண்டு நாள், மறுபடி அதே. உங்க கொட்டகையில இப்ப இருக்கறது எல்லா மருந்தையும் பாத்துப் பழகினது. மூணு மாட்டுலயும் ஒரே கிருமி."

"தூணுக்குத் தூண் கட்டிப்போட்ட மாடு. ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு நடந்தா போச்சு?" என்றார் கறவைக்காரர்.

"நீங்க நடந்தீங்களே."

மருமகள் தாளை மடித்தாள். "கிடேரிக்கு, மேடம்?"

"அதுல இல்ல. சுத்தமா இருக்கு. இனிமே அதக் காப்பாத்தறதுதான் உங்க வேல. அந்த உதைக்கிற மாடு தேறாது, கொட்டகைய விட்டு எடுத்துடறது நல்லது. மத்த ரெண்டையும் கடைசியாக் கறங்க. கிடேரிய முதல்ல. வேற ஆளு, வேற துணி, வேற பாத்திரம். கறந்து முடிச்சதும் காம்ப இந்த மருந்துல முக்குங்க. தலைச்சன் மடி. இப்ப கெட்டா ஆயுசுக்கும் கெட்டது."

"சண்டி எங்கயும் போகாது" என்றார் கறவைக்காரர். மருமகள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் மேடம், தனியா கட்டிக்கறோம்" என்றாள்.

மறுநாளே கிடேரிக்குக் கொட்டகைக்குள் ஒரு கொட்டகை வந்தது. கடைசித் தூணுக்கு முன்னால் மூங்கில் தட்டி, தனி வாளி, தனி முக்காலி, கறுப்புக் கிண்ணம். காம்புக்கு ஒன்றாக நான்கு வெள்ளைத் துணித் துண்டுகளைத் தினமும் கொதிநீரில் போட்டுக் கொடியில் காயவைத்தாள்.

"மகாராணிக்கு அரண்மனை ரெடி. காவலுக்கு ஆள் போடலையா?" என்றார் கறவைக்காரர்.

"நான்தான் மாமா காவல்" என்றாள் அவள். "நீங்க இந்தத் தட்டிய மட்டும் தாண்டாதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

"தாண்டிட்டா?"

"தாண்ட மாட்டீங்க."

தொழிலில் பழுத்த ஆளைப் பார்த்து, நேற்றுவரை காம்பைப் பிடிக்கத் தெரியாதவள் சொல்கிற பேச்சு. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. சண்டையென்று போட்டிருந்தால் ஆறியிருக்கும். கும்பிட்டதுதான் ஆறவில்லை.

அவள் கறப்பதைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்பார். பாத்திரத்தில் விழும் சத்தம் போதும் அவருக்கு. காம்பைக் கழுவ ஒரு காலம், துடைக்க ஒரு காலம், தடவிக் கொடுத்துப் பேசிப் பேசி மாட்டைப் பால் சுரக்க வைக்க ஒரு காலம். பிறகு பூனை மூத்திரம் போல ஒரு பீச்சு. எல்லாம் முடிந்து அவள் எழுந்திருக்கும்போது மடியில் ஒரு படி பாலாவது நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஒட்டக் கறக்காத மடி கெட்டுப்போகும். அதுவும் உண்மைதான். அவருக்குத் தெரிந்த உண்மைகளை அவர் எப்போதும் வாயால் சொன்னதில்லை, மூக்கால்தான் சொல்வார்.

"ஹூம்" என்றார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. கறவை ரொம்பப் பிரமாதம்."

அன்று கிடேரிப் பாலைக் கேனில் எடுத்துக்கொண்டு அவள் பால் நிலையத்துக்குப் போனாள். போய் வர முக்கால் மணி. மகன் வண்டி ஓட்டப் போய்விட்டான். கறவைக்காரர் சண்டியை, மொட்டையை, கோணக்கொம்பைக் கறந்து, வந்த மஞ்சள் தண்ணீரை வாய்க்காலில் கொட்டினார். எழுந்து தட்டியை நகர்த்தினார்.

கை கழுவினார். அதைச் சொல்லியாக வேண்டும். சோப்புப் போட்டுத்தான் கழுவினார். டாக்டரம்மா நேரில் வந்து பார்த்தாலும் குற்றம் சொல்லமுடியாதபடி நுரைக்க நுரைக்கக் கழுவினார். பிறகு ஈரக் கையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்தார். கிடேரியின்கீழ் குந்தினார். காம்பைப் பிடித்ததும் கை அதன் வேலையைத் தானாகவே செய்தது. முதல் இரண்டு பீச்சு உள்ளங்கையில். கட்டைவிரல் ஒரு தடவை ஓடிற்று. பட்டு.

"இதுவா கெடப்போகுது?" என்று மாட்டிடம் சொன்னார்.

நின்ற பாலை ஒட்டக் கறந்து கன்றின் தொட்டியில் ஊற்றிவிட்டு, தட்டியைப் பழையபடி சாத்தினார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நாலாம் நாளிலிருந்து கிடேரியின் கறவை கூடிற்று. ஒட்டக் கறந்தால் கூடத்தானே செய்யும்? மருமகள் கேனைத் தூக்கிப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

"பாத்தீங்களா, என் கைக்கு ஏறிக்கிட்டே வருது" என்று புருஷனிடம் சொன்னாள்.

"உன் கை ராசி" என்றான் அவன். பொண்டாட்டியைப் புகழ்ந்தால் சாயங்காலம் வெளியே போவதற்குக் கேள்வி வராது.

கறவைக்காரர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ராசியாம். அவளும் அவள் கிண்ணமும் அவள் நான்கு துணியும். தன் கைதான் இந்த வீட்டை நிறுத்திக்கொண்டிருக்கிறது என்பது தனக்கும் மாட்டுக்கும் மட்டும் தெரிந்த இரகசியமாய் இருப்பதில் அவருக்கு ஒரு தனி ருசி இருந்தது. அந்தப் பதினொரு நாளும் அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை தட்டிக்குள்ளிருந்து அவள் கத்தினாள்.

மகனும் அவரும் ஓடினார்கள். கறுப்புக் கிண்ணத்தின் அடியில் அரிசி நொய்யளவு வெள்ளைத் திப்பி இரண்டு கிடந்தன. கிடேரியின் பின்பக்கத்து இடது மடி சிவந்து, பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. மருமகள் புறங்கையை அதன் மேல் வைத்து எடுத்தாள். "கொதிக்குது. மாமா, கொதிக்குது" என்றாள். அவரிடம்தான் சொன்னாள். வேறு யாருக்கு அது புரியும்?

டாக்டரம்மா பத்து மணி வாக்கில் வந்தார். மடியைப் பார்த்தார். பால் பிடித்தார்.

"அதே கிருமியா மேடம்?"

"லேப்புல பாத்துதான் சொல்லணும். ஆனா அதான்னு நினைக்கறேன். அதா இருந்தா இந்தக் காம்ப விட்டுட வேண்டியதுதான். கறக்காம வத்தவிட்டு மூடிடலாம். மத்த மூணும் நிக்குதான்னு பாக்கணும். நிக்கும்னு என்னால சொல்லமுடியாது." தட்டிக்கு வெளியே போய்ப் பையை ஸ்டூலில் வைத்தார். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். "இத யாராவது தொட்டாங்களா?"

"யாருமே இல்ல. நான் ஒருத்திதான்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"என்னத்த யோசிக்க? நான் மட்டும்தான் மேடம்." அவள் இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். கொதிநீரிலும் மருந்திலும் கிடந்து தோல் உரிந்திருந்தது. "அப்ப என் கையிலதான் இருந்திருக்கு. இதுலேருந்தும் எடுத்துக்கிட்டுப் போய்ப் பாருங்க. நான்தான் என் மாட்டக் கெடுத்தேன்."

"காம்பு காம்புக்குத் துணி என்ன, கிண்ணம் என்ன, பெரிய டாக்டராட்டம் ஆடினா" என்றான் மகன். "அப்பா கையில விட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா? தட்டி கட்டினாளாம் தட்டி. எங்கப்பாவுக்கே தட்டி."

மருமகள் நீட்டிய கையை மடக்கவில்லை.

கறவைக்காரருக்கு அந்த இடத்தில் எல்லோர் மேலும் வெறுப்பு வந்தது. உளறுகிற மகன் மேல். தப்பே செய்யாமல் தப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிற முட்டாள் மேல். அந்த வெறுப்பு எப்படிக் கடைசியில் தன் கைக்கே வந்து சேர்ந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"போதும் நிறுத்துடா" என்றார். "கறந்தது நான்."

"எத?"

"கிடேரியத்தான். இவ பாலக் கொண்டு போனப்புறம் தினமும் நான்தான் ஒட்டக் கறந்தேன். மிச்சம் வெச்சுட்டு எந்திரிச்சுப் போனா மடி என்னத்துக்கு ஆகும்?"

மகன் சிரித்தே விட்டான். "அப்பா, சும்மா இருங்க. இவளுக்குப் போய் வக்காலத்து வாங்கறீங்களே."

"வக்காலத்தா?"

மருமகளின் கண் அப்போதுதான் நிறைந்தது. "மாமா, வேணாம்" என்றாள். "ஒம்பது வருஷத்துல நீங்க என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்த பேசினதில்ல. இன்னைக்கு எனக்காகப் பொய் வேற சொல்லணுமா? நான் செஞ்சது நான் செஞ்சதுதான். உங்க வாயால பழிய ஏத்துக்காதீங்க."

இப்படி ஒரு அவமானம் அவருக்கு வாழ்க்கையில் நேர்ந்ததில்லை. அவரை நல்லவர் என்று நினைக்கிறாள். இவளிடமிருந்து, அதுவும் இதற்கு. டாக்டரம்மா முகத்தில்கூடக் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது. அதைத் துடைத்தெறியாவிட்டால் மூச்சு விடமுடியாது போலிருந்தது.

"நானாடி? நான் உனக்காகப் பொய் சொல்வேனாடி?" என்று கத்தினார். தட்டியைக் காலால் தள்ளினார். உள்ளே போனார்.

"கைய வைக்காதீங்கய்யா!" என்றார் டாக்டரம்மா.

அவர் கையை வைக்கவில்லை. கிடேரியின் பக்கத்தில், தினமும் குந்துகிற இடத்தில், சும்மா நின்றார்.

கிடேரி தலையைத் திருப்பி அவரை முகர்ந்தது. மருமகள் தினமும் இடித்து இடித்து நகர்த்தவேண்டிய பின்னங்காலைத் தானே விலக்கி வைத்தது. கழுத்தைத் தளரவிட்டு அசைபோட ஆரம்பித்தது. பிறகு, யாரும் தொடாமல், யாரும் தடவாமல், முன்காம்பு இரண்டிலிருந்தும் பால் சொட்டிற்று. பின்காம்பு வலதிலும் சொட்டிற்று. சொட்டு இழையாயிற்று. சிமெண்டுத் தரையில் விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கெட்ட காம்பு மட்டும் வறண்டு தொங்கியது.

டாக்டரம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினார். மகனுக்கு இன்னும் விளங்கவில்லை. "பாலு வீணாப் போகுது, பாத்திரம் எடு" என்றான்.

மருமகளுக்கு விளங்கிவிட்டது. தினமும் கால் மணி நேரம் கெஞ்சித்தான் அவள் அந்த மாட்டைச் சுரக்க வைப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அந்தக் கண்ணில் தண்ணீர் இல்லை.

"எத்தன நாளா?"

"பதினோரு நாள்."

"அந்த மூணையும் கறந்துட்டு வந்தா?"

"கை கழுவிட்டுத்தான்" என்றார் கறவைக்காரர். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்வை அவர் முகத்தில் இல்லை. அவர் தோளில் கிடந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரமாய், மஞ்சள் பூத்து, மூன்று மாட்டின் வாடையோடு அது கிடந்தது. அவரும் குனிந்து பார்த்தார்.

"வெளிய போங்க" என்றாள். மாமா என்ற சொல்லை விட்டுவிட்டாள்.

நாற்பது வருஷத்தில் எந்த வீட்டுக் கொட்டகையிலும் யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. அவர் போனார். அவர் போகிற பக்கமே கிடேரி கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பி நின்றது. மூன்று காம்பிலும் பால் நிற்கவில்லை. அவள் அதைத் தொடாமல், வாளியும் வைக்காமல், அது வாய்க்காலில் போய்ச் சேர்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.